நான்கு மணி நிழல்: வீவர்ஸ் நீடில் மாதிரி, இதுவரை

அரிசோனா பாலைவனத்தில், சூப்பர்ஸ்டிஷன் மலைகளுக்குள் ஒரு தங்கச் சுரங்கம் தொலைந்து கிடப்பதாக நூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்கிறார்கள். ஜேக்கப் வால்ட்ஸ் என்பவருடைய சுரங்கமாம். அவர் ஜெர்மானியர், ஊர்வாயில் 'டச்சுக்காரர்' ஆகிவிட்டார். 1891 அக்டோபரில் ஃபீனிக்ஸில் இறக்கும் முன், தன்னைக் கவனித்துக்கொண்ட ஜூலியா தாமஸிடம் வழி சொன்னார் என்பது கதை. அடுத்த கோடையிலேயே ஜூலியா தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தக் கதையில் ஒரு குறிப்பு என்னை விடவே இல்லை. வீவர்ஸ் நீடில் என்ற பாறைத் தூணின் நிழல் மாலை நான்கு மணிக்கு விழும் இடத்தில்தான் சுரங்கம் என்கிறார்கள். மற்ற குறிப்புகளை என்னால் சோதிக்க முடியாது. நிழலைச் சோதிக்கலாம். அதற்காக அந்த மலையின் சிறு மாதிரியை அட்டைகளை அடுக்கிச் செய்துகொண்டிருக்கிறேன்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலவரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. மாதிரியின் அளவு 1:5000 என்று வைத்துக்கொண்டேன். 40 அடிக்கு ஒரு சம உயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு), ஒரு கோட்டுக்கு ஓர் அட்டை என்றால் ஒவ்வொரு அட்டையும் 2.4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டவே மூன்று வாரம் போனது. தூணின் உயரம் சுமார் 300 மீட்டர், மாதிரியில் 6 சென்டிமீட்டர். அதைக் களிமண்ணில் செய்தேன். காய்ந்ததும் அரை சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது. டிசம்பரில் நிழல் உயரத்தைப் போல் ஆறு மடங்கு நீளும் என்பதால், இந்த அரை சென்டிமீட்டர் தரையில் 150 மீட்டர் பிழை. அப்புறம் மரத்தில் செதுக்கினேன்.

முதலில் மேசை விளக்கை வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. விளக்கு பக்கத்தில் இருப்பதால் கதிர்கள் விரிந்து வருகின்றன. உண்மையான வெயில்தான் வேண்டும். அதற்குக் கட்டடக் கலைஞர்கள் செய்யும் ஒரு வழி இருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகைக்கு, அதாவது 33.4 பாகைக்கு வரைந்த சிறு சூரியக் கடிகாரத்தை மாதிரி நிற்கும் பலகையின் ஓரத்தில் ஒட்டிவிட வேண்டும். அது வேண்டிய நாளையும் நேரத்தையும் காட்டும்வரை வெயிலில் பலகையைச் சாய்த்துத் திருப்பினால் போதும். ஜூன் மாதத்து அரிசோனா மாலை என் கைக்குள் வந்த அந்த நிமிடம் உண்மையிலேயே சிலிர்த்தது.

தரை சமமாக இருந்தால், சூரியக் கடிகாரத்தின் நான்கு மணிக்குக் கணக்கு இப்படி வரும்: ஜூன் 21 அன்று நிழல் 400 மீட்டர், கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. மார்ச், செப்டம்பரில் சம இரவு நாட்களில் 650 மீட்டர். டிசம்பர் 21 அன்று 1800 மீட்டர், வடகிழக்கே. மாதிரியில் தூணுக்குக் கிழக்கே நீடில் பள்ளத்தாக்கு இறங்குவதால் ஜூன் நிழல் கணக்கைவிட நீண்டது. ஆக, குறிப்பு காட்டுவது ஓர் இடத்தை அல்ல, 42 பாகைக்கு விரியும் ஒரு கோட்டை. எந்த மாதம் என்று கதை சொல்வதில்லை.

'நான்கு மணி' என்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்க ரயில்வேக்கள் பொது நேரத்துக்கு மாறியது 1883 நவம்பர் 18 அன்று. அதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரிய நேரம். இன்றைய அரிசோனா கடிகாரத்தில் டிசம்பர் 21 மாலை நான்கு மணிக்கு நிழல் 1270 மீட்டர்தான், சூரிய நேரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் குறைவு. நிழலுக்குக் கூர்மையான நுனியும் கிடையாது. சூரியன் அரை பாகை அகலம் என்பதால், குளிர்காலத்தில் நுனி 100 மீட்டர் நீளத்துக்கு மங்கலாகக் கிடக்கிறது.

வெட்டிய அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அடால்ஃப் ரூத்தின் நினைவு வருகிறது. 1931 கோடையில் வரைபடங்களோடு இந்தச் சுரங்கத்தைத் தேடி மலைக்குள் போனவர். டிசம்பரில் அவருடைய மண்டையோடுதான் கிடைத்தது. தூணுக்கு அருகே இவ்வளவு நெருங்கி நிற்கும் கோடுகளில் அவர் வெயிலில் ஏறி இறங்கியிருப்பார் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

டிசம்பர் நிழல் இன்னும் பாக்கி. அது பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏறும், என் பலகை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வடகிழக்கு மூலையில் இன்னொரு துண்டு ஒட்ட அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு அடுக்கு முடிந்திருக்கிறது.