புறாத்தீவு வீடியோ ஏன் ஊரைத் தாண்டுவதில்லை?

திருகோணமலை நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவுக்குப் படகுச் சவாரி பற்றிப் பேஸ்புக்கில் பதிவு போட்டால், பக்கத்தைத் தொடரும் எல்லாருக்கும் அது போய்ச் சேராது. இவர் நின்று பார்ப்பாரா, கருத்து எழுதுவாரா, பகிர்வாரா என்று ஆளுக்கு ஆள் கணித்துத்தான் பேஸ்புக் வரிசைப்படுத்துகிறது. 2018 ஜனவரியில் அந்த வரிசை நண்பர், உறவினர் பக்கம் சாய்ந்தது. வியாபாரப் பக்கங்கள் கீழே இறங்கின.

இன்ஸ்டகிராமில் பார்க்கும் நேரம், லைக், அனுப்புதல் மூன்றும் முக்கியம். தொடர்பவர்களிடம் லைக்குக்கு எடை கூட. முன்பின் தெரியாதவரிடம் போய்ச்சேர, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பவேண்டும். ஆகவே நிலாவெளிக் கரையைச் சுற்றிச் சுற்றிக் காட்டாமல், முதல் மூன்று செக்கனிலேயே பவளப்பாறையும் மீனும் வரட்டும். பிறகு புறப்படும் நேரம், கட்டணம். "நவம்பரில் கடல் கொந்தளிக்கும், மே முதல் செப்டெம்பருக்குள் வாங்கோ" என்ற வரியைத்தான் கொழும்பிலிருப்பவர் நண்பருக்கு அனுப்புவார்.

டிக்டொக் முத்திரை விழுந்த வீடியோவை அப்படியே இன்ஸ்டகிராம் ரீல்ஸில் (குறுவீடியோப் பகுதி) ஏற்றினால் பரிந்துரையில் பின்தள்ளப்படும். போனிலுள்ள மூலக் கோப்பையே ஏற்றுங்கள். "லைக் போடுங்கோ, ஷேர் பண்ணுங்கோ" என்று கெஞ்சும் பதிவுகளை பேஸ்புக் 2017 டிசம்பரிலிருந்தே கீழே தள்ளுகிறது. எங்கட ஆக்கள் இன்னும் விட்டபாடில்லை!

ஒரு கிழமை கழித்து இன்சைட்ஸில் (யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் பகுதி) 'தொடராதோர்' பங்கைப் பாருங்கள். அது அசையாவிட்டால் தொடக்கக் காட்சியை மாற்றி வெட்டுங்கள்.