லிண்டிஸ் கணவாயிலிருந்து ரக்காயா ஆறு வரை

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டர்தான். இருபது ஆண்டுகளாக இந்தத் தீவில் கார் ஓட்டிவரும் எனக்கு, ஒரு சாலை கிலோமீட்டர் கணக்கில் விடாமல் இறங்கிக்கொண்டே போகும் என்பது, நவம்பர் விடுமுறையில் நியூசிலாந்தின் தென் தீவில் குவீன்ஸ்டவுனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் வரை மோட்டார்ஹோமில் சென்றபோதுதான் உடம்பில் உறைத்தது.

மனைவி, மகன், மாமனார் ஆகியோருடன் நான் ஓட்டிய வண்டியில் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்பதால் அதற்கு வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். புறப்படும் முன் ஒவ்வோர் அலமாரிக் கதவும் தாழிட்டிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முதல் நாள் நான் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்துக் கொண்டுவந்த ரசப்பொடி முதல் வளைவிலேயே தரையெங்கும் கொட்டியது. பயணம் முடியும்வரை அதன் வாசனை வண்டியை விட்டுப் போகவில்லை.

லிண்டிஸ் கணவாய் 971 மீட்டர் உயரம். இருபுறமும் மரமே இல்லாமல், பொன்னிறப் புல் மட்டும் போர்த்திய மலைமடிப்புகள். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும், பழக்கத்தில் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். தேனிப் பக்கம் பிறந்து, சிங்கப்பூருக்கு வருமுன் போடிமெட்டு மலைச்சாலையில் லாரி ஓட்டிய மாமனார் பின்னிருக்கையிலிருந்து, “மாப்பிள்ளை, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இருக்காதீங்க. எந்த கியர்ல ஏறணுமோ அந்த கியர்லதான் இறங்கணும்” என்றார். இத்தனை பாரத்தோடு தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். நம் ஊர் மேம்பாலச் சரிவுகளில் இதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லை. அன்றிலிருந்து அவரை முன்னிருக்கையில் உட்காரவைத்துக்கொண்டேன்.

புக்காக்கி ஏரியின் நிறத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்; பாலில் நீலத்தைக் கரைத்தது போல் இருந்தது. மேலே பனியாறுகள் நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்து மாவாக்குகின்றன. அந்த மாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்நிறம். மகன் ஓர் எவர்சில்வர் டம்ளரில் அந்த நீரை மொண்டு வந்து சமையல் மேடையில் வைத்துக்கொண்டான். அன்றிரவு 3,724 மீட்டர் உயரமுள்ள அவோராக்கி சிகரத்தின் அருகே, ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் தங்கினோம். பக்கத்து மலையிலிருந்து பனிக்கட்டிகள் உடைந்து விழும் ஓசை தொலைதூர இடிபோல் நள்ளிரவுவரை கேட்டது. காலையில் பார்த்தபோது டம்ளரின் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது.

அடுத்து வந்த ஏரிக்கரை ஊரான டெக்காப்போவில் நட்சத்திரங்களைப் பார்க்க எண்ணியிருந்தோம், மேகம் மூடிக்கொண்டது. மறுநாள் பர்க்ஸ் கணவாயைக் கடந்து இறங்கியதும், வறண்ட புல்வெளி சட்டென்று முடிந்து பசுமை தொடங்கியது.

ஜெரால்டைனைத் தாண்டிச் சமவெளிக்கு வந்தபின் இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். உண்மையில் வண்டி ஓட்டுவதற்குக் கடினமான பகுதி அதுதான். டாஸ்மன் கடலிலிருந்து வரும் வடமேற்குக் காற்று, மலைகளின் மேற்குப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெப்பமாகவும் உலர்ந்தும் பாய்ந்து இறங்குகிறது. அதைத் தடுப்பதற்காகவே விவசாயிகள் வயல்களின் ஓரத்தில் பைன் மரங்களைச் சுவர்போல வரிசையாக வளர்த்திருக்கிறார்கள். அந்த மரச்சுவரின் மறைவில் அமைதியாகச் செல்லும் வண்டியை, சுவர் முடியும் இடத்தில் காற்று பக்கவாட்டில் அறையும். வேகத்தை 70க்குக் குறைத்து, ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த மரவரிசை எப்போது வரும் என்று பார்த்தபடியே ஓட்டினேன்.

ரக்காயா ஆற்றுப் பாலம் சுமார் 1.75 கிலோமீட்டர், அந்நாட்டின் மிக நீளமான சாலைப் பாலம் அதுவே. அடியில் ஆறு ஒன்றாக ஓடவில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே பல இழைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் சடைபோல் பின்னிச் செல்கிறது. பாலத்தைக் கடந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றுப்படுகைக்கு நடந்தோம். இத்தகைய ஆறுகள் மலையிலிருந்து அடித்துவந்த கற்களால் ஆனதுதான் கேன்டர்பரி சமவெளி முழுவதும் என்று மகனிடம் சொன்னேன். அவன் வெள்ளைக் கோடுகள் ஓடிய இரண்டு சாம்பல் கற்களை எடுத்து, நீரில் நனைத்து, ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்தான். விரலில் ஒட்டிய குழம்பைத் தாத்தாவிடம் நீட்டி, “டம்ளர்ல இருந்தது இதுதான் தாத்தா” என்றான்.