காந்தம் ஒட்டாத குண்டுக்குக் காந்தச் சோதனை

ஒரு மாத ரோதனை போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஹைப்ரிட் பேரிங் (இரும்பு வளையத்துக்குள் செராமிக் குண்டு உருளுகிற பேரிங்) கையாளுகிற யாருக்காவது ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

கோவை கணபதியில் ஸ்பிண்டில் (மெஷினில் சுழலுகிற தண்டு) ரிப்பேர் பட்டறை எங்களுடையது. பேரிங்கைப் பிரித்து குண்டு மாற்றியும் கொடுப்போம். 24,000 ஆர்பிஎம் ஓடுகிற ஸ்பிண்டில் ஒன்று, மாட்டிக் கொடுத்த மூன்றாம் வாரமே இரைச்சலோடு திரும்பி வந்தது. பிரித்தால் சிலிக்கான் நைட்ரைடு என்கிற செராமிக்கில் செய்த ஒரு குண்டின் தோல் பெயர்ந்திருக்கிறது. அதே லாட்டில் கால் இஞ்ச் குண்டு இன்னும் இருநூறு கையில் இருந்தது. அவற்றிலும் விரிசல் இருக்குமோ என்று வெசனம் பிடித்துக்கொண்டது.

முதலில் போனது ராஜ வீதிக்கு, தெரிந்த நகைக்கடைத் தராசைத் தேடி. "பாசிமணிங்களாங்ணா?" என்று கேட்டுக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 0.43 கிராம். இரும்புக் குண்டென்றால் ஒரு கிராமைத் தாண்டியிருக்கும், ஆக சரக்கு அசல்தான். உள்ளே பெரிய ஓட்டை இருந்தால் எடை காட்டிக்கொடுக்கும். மேலே இருக்கிற மயிரிழை விரிசலுக்கு எடை எங்கே குறையப் போகிறது? ஒரு நாள் வீண்.

அடுத்து ஒரு டெஸ்டிங் லேப். "டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாம என்ட்ரி போட முடியாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சப்ளையரிடம் வாங்கிக்கொண்டு போனேன். படிவத்தில் சப்ளையர் மெயில் ஐடிக்கும் ஒரு கட்டம் இருந்தது. எழுதித் தொலைத்தேன். நான்கு நாளில் ரிப்போர்ட்: 'குறைபாடு எதுவும் இல்லை'. என்ன சோதனை என்று பார்த்தால், காந்தத் தூள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்! இந்தச் செராமிக்கில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, அப்புறம் விரிசலில் தூள் எப்படிக் கூடும்? உடைந்த குண்டைக் கொடுத்திருந்தாலும் இதே ரிப்போர்ட்தான் வந்திருக்கும். மின்சாரமும் பாயாது என்பதால் சுழல் மின்னோட்டத்தை வைத்துப் பார்க்கிற எடி கரன்ட் சோதனையும் உதவாது. கவுண்டரில் கேட்டதற்கு, "பேரிங் பால்னு எழுதியிருந்தீங்க, பாலுக்கு அதுதாங்க பண்ணுவோம்" என்றார் அந்த அம்மிணி. 1,800 ரூபாய் போச்சு. அது போகட்டும், ரிப்போர்ட்டின் நகல் சப்ளையருக்கும் போய்விட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, "லேப்பே நல்லா இருக்குங்குதுங்களே" என்று ஆரம்பித்துவிட்டார்.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒளிரும் பெனட்ரன்ட் வாங்கினேன். விரிசலுக்குள் புகுந்து, புற ஊதா வெளிச்சத்தில் பச்சையாக மின்னுகிற சாயம் அது. அசிட்டோனில் கழுவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, அலசிக் காயவைத்தோம். அலசும்போது குழாயை முழுசாகத் திறந்துவிடாதீர்கள், விரிசலுக்குள் இருக்கிற சாயமும் சேர்ந்து போய்விடும்.

ராத்திரி ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச்சோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பையன்தான், "அண்ணா, உங்க கண்ணாடி கறுத்திருக்குதுங்" என்றான். வெயிலில் கறுக்கிற கண்ணாடி அது. புற ஊதா பட்டதும் இருட்டிலும் கறுத்திருக்கிறது! கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியைப் போட்டேன். அப்போதும் சரியில்லை. டார்ச்சின் அலைநீளம் 395 நானோமீட்டர். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அதன் ஊதா வெளிச்சத்திலேயே சாயத்தின் பச்சை அமுங்கிவிடும். 365 வாங்க இன்னொரு நடை. அதைப் போட்டதும் மேசை மேல் விரித்திருந்த என் வெள்ளை வேட்டி, திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஜொலித்தது. சோப்புத் தூளில் இருக்கிற வெண்மையூட்டிதான் காரணம். கறுப்பு ரப்பர் விரிப்புக்கு மாறினோம்.

அதற்கப்புறம்தான் கண் பழகியது. குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், முழுத் தோலும் கண்ணில் படுகிறவரை. நாற்பத்து மூன்றாவது குண்டில் நகம் கிள்ளிய மாதிரி ஒரு பச்சைக் கீற்று, அரை வட்டமாக. 'சி' விரிசல் என்பார்களே, அதேதான். குண்டும் குண்டும் மோதினால் விழுகிற தழும்பு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர் ஓடி வந்துவிட்டார். மொத்தம் பதினொன்றில் விரிசல் இருந்தது.

சந்தோஷம் முழுசாக நிலைக்கவில்லை. பொட்டலம் வந்த அன்றைக்கு இருநூறையும் சலசலவென்று எவர்சில்வர் டம்ளரில் கொட்டியது நான்தான். நாமக்கல் முட்டையைக்கூட அட்டையில் குழி குழியாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இந்தப் பதினொன்றில் எத்தனை விரிசல் கம்பெனியிலிருந்தே வந்தது, எத்தனை என் டம்ளரில் விழுந்தது என்று யார் சொல்வது? சப்ளையரும் அதைத்தான் கேட்டார், "எப்படிங்க பிரிச்சீங்க?" கொட்டியதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்பிண்டிலில் பெயர்ந்த குண்டு அந்த டம்ளருக்கு வரவே இல்லை, அது நேராக பேரிங்குக்குப் போனது. மச்சினன் மகனின் யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களோடு அதையும் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் இழுத்தடித்து, கடைசியில் லாட் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார்.

புதுப் பெட்டியில் ஒவ்வொரு குண்டுக்கும் தனிக்குழி. திறந்ததும் பையன் பழக்க தோஷத்தில் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். "அதை டீக்கு வெச்சுக்க சாமி" என்று பிடுங்கி அலமாரியில் வைத்தேன்.