எண் தெரியாத ரசீது

மார்ச் 6, 2025

ஒரே நாளில் இரண்டு செய்தி. 1624-இல் தொடங்கிய டென்மார்க் தபால் சேவை இந்த வருடக் கடைசியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்துகிறதாம். 2000-இல் 140 கோடி கடிதங்கள், போன வருடம் 11 கோடிதான். 1,500 பேருக்கு வேலை போகிறது. ஜெர்மனியில் டிஎச்எல் நிறுவனம் தன் தபால், பார்சல் பிரிவில் 8,000 பணியிடங்களைக் குறைக்கிறது. எங்கள் தபால் புகார் பிரிவில் பக்கத்து மேசை அக்கா படித்துவிட்டு, "அடுத்தது நாமதான்" என்றார்.

மார்ச் 11

சுற்றறிக்கை வந்துவிட்டது. சம்பளம், கணக்கு, புகார் என்று எல்லாப் பிரிவுகளும் ஒரே மையத்துக்குப் போகின்றன. தபால்காரர்களுக்குப் பாதிப்பில்லை, நிர்வாகப் பணியிடங்கள் மட்டும்தான் என்று போட்டிருக்கிறது. தபால்காரர் கையிலிருந்து தவறிப்போனதைத் தேடுவது நாங்கள்தானே?

மார்ச் 14

யார் என்ன வேலை செய்கிறோம், எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதித் தர ஒரு படிவம். புகாருக்கு 6 நிமிடம் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். இன்று ஒரு பெரியவர் எட்டாக மடித்த ரசீதை நீட்டினார், மடிப்பில் மை அழிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கடைசி மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தது. அனுப்பிய தேதியை வைத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டி, பட்டுவாடா அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்து, கடைசியில் திரும்பி வந்த தபால்களுக்கு நடுவில் கிடைத்தது. 50 நிமிடம். அதையே படிவத்தில் எழுதினேன்.

மார்ச் 20

பிரிப்பு மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். மணிக்கு 30,000 கடிதங்களுக்கு மேல் பிரிக்கிற இயந்திரம், கையெழுத்தையும் படிக்கிறது. நின்றுகொண்டே பிரித்து முதுகு போனவர்களை எனக்குத் தெரியும், அதனால் சந்தோஷமாகவே இருந்தது. இயந்திரத்தால் படிக்க முடியாத முகவரியின் படம் ஒரு ஆளின் திரைக்குப் போகிறது, அவர் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். அப்புறம் புதிய புகார் மென்பொருளைக் காட்டினார்கள். அந்தப் பெரியவரின் மூன்று இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன், முழு எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. கடிதத்துக்கு வைத்த அந்த ஆளைப் புகாருக்கும் வைக்கலாமே! சாரிடம் சொன்னேன், எழுதிக் கொடுங்கள் என்றார். ராத்திரியே எழுதிவிட்டேன்.

மார்ச் 28

அக்கா விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டார். போகும்போது தன் நோட்டை என்னிடம் தந்தார். பெயர் மாறிய தெருக்கள், ஒரே கதவு எண்ணில் இருக்கும் இரண்டு வீடுகள், எந்தப் பட்டுவாடா அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் 22 வருடமாக எழுதி வைத்தது. மையத்துக்கு அனுப்பத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் 40 பக்கம் இருக்கிறது.