வரி பார்த்து வைத்த கற்கள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 15 அங்குலம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 70 லீட்டர் பிடிக்கும். நீலச் சாயம் பூசிய கல்லும் பிளாஸ்ரிக் செடியுமாக இரண்டு வருடம் ஓடியது. போன மார்கழி மழையில் வீட்டோடு அடைபட்டுக் கிடந்தபோது, அதைக் கழுவிவிட்டு உண்மையான கல்லும் செடியும் வைப்பதென்று முடிவெடுத்தேன். இருந்த கப்பி மீன்கள் பின் வளவுச் சீமெந்துத் தொட்டிக்குப் போயின.

முதலில் கையில் அகப்பட்டது கிணற்றடியில் கிடந்த பழைய முருகைக்கல். ஓட்டை ஓட்டையாக அவ்வளவு வடிவு. கழுவிக் காயவைத்திருந்ததைக் கண்டுவிட்டு மாமா குசினிக்குள் போய் வினாகிரிப் போத்தலோடு வந்தார். என் கணவரின் தகப்பன். நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவர். நாலு சொட்டு விட்டதும் கல் சீறிக்கொண்டு நுரை தள்ளியது.

“இது சுண்ணாம்பு, புள்ள. தண்ணிக்குள்ள கரைஞ்சு கொண்டே கிடக்கும்.”

கல்குடாப் பக்கம் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் அவருக்குத் தெரியும். இப்போது கடலிலிருந்து அதை எடுப்பது சட்டப்படி குற்றம். தொட்டிக்குள் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச் என்ற காரத்தன்மை அளவும் மெல்ல மெல்ல ஏறும். நான் மனதில் வைத்திருந்த மீனுக்கு அது ஆகாது. கடற்கரை மணலும் அதே கதைதான், சிப்பித் தூள் நிறைய. ஆகவே வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை அரிதட்டில் அரித்து, கலங்கல் போகும்வரை எட்டு வாளித் தண்ணீரில் கழுவினேன். அத்திவாரத்துக்குக் கொண்டுவந்து மிஞ்சிய கருங்கல்லிலும் வினாகிரி விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை.

அந்தக் குவியலிலிருந்து ஐந்து கல் தெரிந்தெடுத்தேன். வைக்கத்தான் மூன்று பின்னேரம் போனது. பெரிய கல்லை நடுவிலும் சின்னவற்றை இரண்டு பக்கமும் வைத்தால் குழுப் படத்துக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி இருந்தது. தொட்டிக்குள் இயற்கைக் காட்சியை உருவாக்கும் கலையை உலகமெல்லாம் பரப்பிய யப்பானியர் தகாஷி அமானோ (1954–2015). இவாகுமி என்ற அவருடைய கல் அடுக்கு முறையில் கற்கள் பெரும்பாலும் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும், அதில் ஒன்று தலைக்கல். அது நட்ட நடுவில் நிற்காது. அதன்படி 24 அங்குல நீளத்தில் ஒரு பக்கம் 15, மறுபக்கம் 9 விட்டுத் தலைக்கல்லை நகர்த்தினேன். முன்னையதை விட நல்லது. ஆனாலும் கற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

மூன்றாம் நாள் மாமா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தண்ணி ஊத்திப் பாரு” என்றார். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். காய்ந்திருந்தபோது வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த கற்களில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் எழுந்தன. எங்கள் பக்கத்துக் கருங்கல்லில் இந்த வரி அநேகமாக இருக்கும். ஒரு கல்லில் நட்டுக்கு நின்றது, அடுத்ததில் படுத்துக் கிடந்தது, மற்றதில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

“ஒரு மலையில வரி ஒரு பக்கமாத்தான் ஓடும். நீ ஒவ்வொண்டையும் ஒவ்வொரு பக்கம் திருப்பி வெச்சிருக்காய்.”

ஐந்தையும் வெளியே எடுத்து, வரி எல்லாம் இடப்புறம் சாயும்படி திருப்பித் திருப்பி வைத்தோம். அது நடந்த விதத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கடைசிக் கல் திரும்பியதும், மண்ணுக்குக் கீழே ஒரே பாறை கிடந்து ஐந்து இடத்தில் தலை நீட்டுவது போல ஆகிவிட்டது. கிரான் பக்கம் போகும்போது தூரத்தில் தெரியும் குடும்பிமலை ஞாபகம் வந்தது.

கல்லை மணலுக்கு மேல் வைக்கவில்லை. அடியில் பிளாஸ்ரிக் வலை விரித்து, அதில் கல்லை ஆடாமல் இருத்திய பிறகுதான் மணல் போட்டோம். மணலில் வைத்த கல் பிறகு சரிந்தால் கண்ணாடி போய்விடும். முன்பக்கம் ஒன்றரை அங்குலம், பின்பக்கம் நாலு அங்குலம் என்று மணல் சரிவாக வந்தது. தலைக்கல்லின் காலடியில் அதே கல்லின் உடைசல்களைத் தூவினேன். உடனே அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

செடி வாங்கியது காத்தான்குடியில் ஒரு நானாவின் கடையில். கிரிப்டோகொரைன் வென்டி எட்டு வேர், அனுபியாஸ் இரண்டு, பின்னுக்கு வைக்க வலிஸ்நேரியா. கிரிப்டோகொரைன் வென்டி இலங்கைக்கே உரிய செடி; உலகமெங்கும் தொட்டிகளில் வளர்கிறது. சட்டியில் வேரைச் சுற்றியிருந்த பஞ்சைப் பொறுமையாகக் கழுவி எடுக்க வேண்டும். வெறும் மணலில் சத்து இல்லை என்பதால் வேருக்குக் கீழே உரக் குளிசை புதைத்தேன். அனுபியாஸின் தடித்த தண்டை மட்டும் மணலில் புதைக்கவே கூடாது, அழுகிவிடும். கறுப்பு நூலால் கல் இடுக்கில் கட்டினேன். நடும்போது இலை காயாமல் தண்ணீர் விசிறிக்கொண்டே இருந்தேன். மறுகா மணல் கிளம்பாதபடி ஒரு தட்டை வைத்து, அதன் மேல் தண்ணீர் விட்டேன். குழாய்த் தண்ணீர்தான். குளோரின் போக ஒரு நாள் வாளிகளில் திறந்து வைத்திருந்தது.

ஒன்பதாம் நாள் கிரிப்டோகொரைன் இலைகள் கண்ணாடி போல வெளிறிக் கரையத் தொடங்கின. தொட்டால் கையோடு வந்தன. மணலில் மண்ணிறப் பாசி வேறு. எல்லாவற்றையும் பிடுங்கிவிட நினைத்துத்தான் நானாவுக்கு அழைத்தேன். “தங்கச்சி, இலைய வெட்டுங்க, வேரத் தொடாதீங்க. இடம் மாறினா அது அப்படித்தான் செய்யும்” என்றார். கரைந்த இலை அழுகினால் அமோனியா கூடும் என்பதால் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன், விளக்கை ஆறு மணித்தியாலத்துக்குக் குறைத்தேன். பத்து நாட்கள் அங்கே மொட்டைக் குருத்துத்தான் நின்றது. காலையும் மாலையும் போய்க் குனிந்து பார்ப்பேன். நாலாவது வாரம் தலைக்கல்லின் ஓரத்தில், நெல்மணி அளவில், சுருண்டபடி ஒரு செந்நிற இலை.

மீன் விட்டது ஆறு வாரத்துக்குப் பிறகு. மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைட்டும் பூச்சியம் என்று சோதனைத் திரவம் காட்டிய பின்பே நானாவிடம் போனேன். செரி பார்ப் ஆறு வாங்கினேன், வளர்ப்பில் குஞ்சு பொரித்தவை. அதுவும் நம் நாட்டின் தென்மேற்கு ஓடைகளுக்கு உரிய மீன். இப்போது கச்சான் காற்று. மத்தியானம் தண்ணீர் 31 பாகைக்கு ஏறுகிறது. மேலே சின்ன விசிறி ஒன்று பூட்டியதில் இரண்டு பாகை இறங்கியது. வற்றுகிற தண்ணீரை ஒவ்வொரு பின்னேரமும் மாமாதான் கோப்பையால் ஊற்றி நிரப்புகிறார், மணல் கிளம்பாதபடி, தலைக்கல்லின் மேல்.