மூன்றை அடித்து எழுதிய ஐந்து

“மேடம், எத்தனை போட்டால் அடுத்த பேட்சுக்கு இந்தக் கோர்ஸ் நிற்காமல் நடக்கும்?”

கேட்டவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். ஓய்வுபெறும் ராணுவத்தினருக்கான, அவர் படித்த பயிற்சித் திட்டத்தை மதிப்பிட வந்தவள் நான். படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தோம்: இப்போதைய வேலையில் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள். முதலில் “மூன்று” என்றுதான் சொன்னார். நானும் எழுதிவிட்டேன். அதன் பிறகுதான் இந்தக் கேள்வி.

“நான்குக்குக் குறையாமல் இருந்தால் நல்லது சார்.” வாயிலிருந்து வந்துவிட்டது.

“அப்படியென்றால் ஐந்து.”

மூன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.

“உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்” என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். களப்பணிக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த வரியைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நூற்று முப்பது பேரில் ஒருவர். இரண்டு புள்ளி கூடினால் சராசரி இரண்டாவது தசமத்தில்தான் அசையும் என்று அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஆனால் இவர் வாய்விட்டுக் கேட்டார். மனதுக்குள் கேட்டுக்கொண்டு தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் முழுக்க நான்கும் ஐந்துமாகத்தான் இருந்தன.

படிவத்தின்படி அவர் எங்களுடைய ஆகச் சிறந்த வெற்றி. பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி முடித்தார், ஆறு மாதத்துக்குள் வேலை கிடைத்தது, அதுவும் படித்த படிப்புக்கே பொருந்திய வேலை: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மூன்று கட்டங்களிலும் டிக். அதற்கு முன் 24 ஆண்டுகள் ராணுவத் தளவாடங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவில் டி-72 டாங்கிகளின் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பிறகு ஏன் பாதுகாப்புப் பயிற்சி என்று கேட்டேன். பணியின் கடைசி ஆண்டில் யூனிட் அனுப்பச் சம்மதித்த மாதத்தில் அந்தக் கோர்ஸ்தான் இருந்ததாம்.

குடியிருப்பின் ஜெனரேட்டர் அடிக்கடி மக்கர் செய்யும் என்றார். “சத்தத்திலேயே கோளாறு தெரிந்துவிடும் மேடம். ஆனால் தொடக்கூடாது. அதற்கு வேறு கம்பெனி ஆள் வரவேண்டும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 15 ஆண்டு ராணுவப் பணியைப் பட்டப்படிப்புக்கு இணையாக ஏற்கும் மத்திய அரசு விதிகூட குரூப் சி-யில் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்குத்தான். ஸ்பானர் பிடித்த கைக்கு அங்கேயும் வழியில்லை.

இந்த வேலை பயிற்சியால்தான் கிடைத்ததா என்பதையும் என்னால் சொல்ல முடியாது. பாதுகாப்பு ஏஜென்சிகள் பட்டாளத்தில் இருந்தவர் என்றாலே எடுத்துக்கொள்கின்றன. பயிற்சிக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அதற்குப் பணமும் இல்லை, கேட்பாரும் இல்லை. பென்ஷன் வேறு. கையில் பென்ஷன் இருப்பவர் சும்மா இருந்தால் அது தோல்வியா, ஓய்வா? 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் இளைஞர்களுக்குப் பென்ஷன் கிடையாது, சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகை மட்டும்தான். அவர்களிடமும் இதே படிவத்தைத்தான் நீட்டப்போகிறோம் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதையெல்லாம் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதினேன். அடித்து எழுதிய எண்ணைப் பற்றி எழுதவில்லை.

பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். “அந்த வகுப்பில்தான் மேடம் யூனிபார்ம் இல்லாமல் நாலு பேரோடு உட்கார்ந்து பழகினேன். என் யூனிட்டிலிருந்து இரண்டு பையன்கள் அடுத்த வருடம் வெளியே வருகிறார்கள்.” ஆக, வேலைக்கு மூன்று, வகுப்புக்கு ஐந்து, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தவறு என் கேள்வியில்தான், நான் எழுதிய எண்ணில் இல்லை. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது நிம்மதியாக இருக்கிறது. எனக்கு இவ்வளவு வசதியாக அமைந்துவிட்ட விளக்கம் என்பதாலேயே அதை நம்பவும் முடியவில்லை.

இப்போது படிவத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கடைசிக் கேள்வியை இரண்டாகப் பிரித்துவிட்டேன். சோதித்துப் பார்க்க அவரையே அழைக்கலாம், எண் இருக்கிறது. எடுத்தவுடன் அந்த பேட்ச் நடந்ததா என்றுதான் கேட்பார். நடந்தது. எங்கள் அறிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே அதற்கு ஒப்புதல் ஆகிவிட்டிருந்தது.