நேரம் போதலை சார்

ஒரு கம்பெனி விழாவில் 'தி கேம்ப்ளர்' பாட்டைப் பாடி முடித்திருந்தோம். "ரெண்டு சரணத்தை விட்டுட்டீங்களே தம்பி" என்றார் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர். "நேரம் போதலை சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அவ்வளவுதான் பேச்சு.

பொய்யில்லை. எங்களுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். 1978-ல் அமெரிக்க கன்ட்ரி பாடகர் கென்னி ரோஜர்ஸ் பாடிய 'தி கேம்ப்ளர்' மூன்றரை நிமிடம். ரயிலில் சந்திக்கும் ஒரு சீட்டாட்டக் கிழவர் புத்தி சொல்லும் பாட்டு. வெட்டுவதற்கும் எளிதான பாட்டில்லை. மூன்று சரணம் முடிந்துதான் பல்லவியே வரும். பிறகு இரண்டு சரணம், மறுபடி பல்லவி. முன்னால் வெட்டினால் ரயிலும் இல்லை, கிழவரும் இல்லை, புத்தி சொல்வது யாரென்றே தெரியாது. ஆக, பின்னால்தான் வெட்ட முடியும். பதிவில் நடுவே சுருதி அரைச்சுரம் ஏறும். கிட்டார் கழுத்தில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டியிருந்தால், அங்கே ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பாரே கார்டுக்கு ஓட வேண்டும். அதையும் விட்டுவிட்டு டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டிலேயே முடித்தோம்.

ஆனால் வெட்டச் சொன்ன காரணம் நேரம் இல்லையே. "கோரஸ்தான் சார் மெசேஜ். சாவு கீவு வர்ற இடம் வேண்டாம்" என்றார் ஹெச்.ஆர். மேடம். விருப்ப ஓய்வில் போகிறவர்களுக்கான விழா. அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஐந்தாவது சரணத்தில் கிழவர் தூக்கத்திலேயே போய்விடுகிறார். பிரியாணிக்கு முன்னால் அது எதற்கு?

பல்லவி சொல்வது இதுதான்: சீட்டை எப்போது பிடித்துக்கொள்வது, எப்போது கவிழ்த்து ஒதுங்குவது, எப்போது எழுந்து போவது. டான் ஷ்லிட்ஸ் 1976-ல் இதை எழுதும்போது அவருக்கு வயது 23, இரவு ஷிஃப்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பாட்டில் இது ஒரு ஆட்டக்காரன் இன்னொரு ஆட்டக்காரனுக்குச் சொல்வது. அந்த ஹாலில் கவிழ்க்கச் சொன்னது சீட்டைப் பங்கிட்டுப் போட்டவர்கள், அதாவது நிர்வாகம். உட்கார்ந்த இடத்தில் காசை எண்ணாதே என்ற வரி வந்தபோது முன்வரிசையில் சிலர் மடியில் கவர் இருந்தது. யோசித்தால் கூசுகிறது. கிழவரும் சும்மா சொல்லவில்லை, கடைசி மடக்கு விஸ்கியையும் ஒரு சிகரெட்டையும் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்கும் அட்வான்ஸ் வந்திருந்தது.

நாலாவது சரணத்தில்தான் சிக்கல். எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரிவதுதான் பிழைக்கும் வழி என்பது முதல் பாதி. எந்தக் கை வந்தாலும் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம் என்பது அடுத்த வரி. போகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கக்கூடியது அது ஒன்றுதான். அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, தூக்கத்தில் சாவதைவிட மேலாக எதையும் எதிர்பார்க்காதே என்ற வரி. பிரிக்க முடியாது.

முதல் பாதியை மட்டும் பாடியிருக்கலாம். இரண்டாவது வரி ஏ கார்டில் நிற்கிறது, அங்கிருந்து பல்லவியின் டி-க்கு நேராக இறங்கலாம். பத்துப் பன்னிரண்டு வினாடி கூடுதல், மேடம் கவனித்திருக்கக்கூட மாட்டார். ஆனால் சரணம் எங்கே என்று கேட்டவருக்கு முழுப் பாட்டும் தெரியும். அங்கே நிறுத்தினால் மீதி இரண்டு வரியை அவர் மனசுக்குள் பாடிக்கொண்டுதான் இருப்பார்.